ஐந்தொகையில் ஏறாத சொத்து: சுயேச்சை இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுயேச்சை இயக்குநர்களுக்கு,

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட இந்திய நிறுவனங்களின் போர்டு மேசையில், புரொமோட்டர் குடும்பத்தையும் சேராமல், சம்பளம் வாங்கும் நிர்வாகத்தையும் சேராமல் அமர்ந்திருப்பவர்கள் நீங்கள். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் உங்களை மிகக் கவனமாகத் தனித்து வைத்திருக்கிறது. ஊழியர்களுக்குக் கிடைக்கும் பங்கு விருப்பத் திட்டம் உங்களுக்குக் கிடையாது. ஒரு கூட்டத்துக்கு அமர்வுக் கட்டணம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. ஐந்தாண்டு வீதம் இரண்டு முறைக்கு மேல் தொடர்ந்து பதவியில் இருக்கவும் முடியாது. உரிமையாளரின் முகத்தைப் பார்த்து ‘இது வேண்டாம்’ என்று சொல்ல அந்த அறையில் சிலராவது இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

அந்த ‘வேண்டாம்’ பண விவகாரங்களில் எப்போதாவது கேட்கிறது. குடும்பத்தின் இன்னொரு கம்பெனிக்குக் கடன் உத்தரவாதம், மகனுக்கு உயர்த்தப்பட்ட ஊதியம் என்று வந்தால் உங்களில் சிலர் குரல் கொடுக்கிறீர்கள். ஆனால் நிறுவனத்தின் அறிவு கரைந்து போகும்போது யாரும் குரல் கொடுப்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

வார்ப்பு ஏன் விரிசல் விடுகிறது என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடும் ஃபோர்மன், மூன்று முறை தோற்ற பரிசோதனையில் நான்காவதாக எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்த வேதியியலாளர், ‘இந்தக் கம்பெனி சொன்னால் சரியாக இருக்கும்’ என்று நினைக்கும் வாடிக்கையாளர், காப்புரிமைகள், வரைபடங்கள், பிராண்டு. இவை எல்லாம் சேர்ந்ததுதான் அறிவு மூலதனம். இந்தியக் கணக்கியல் தரநிலை 38-இன்படி ஆராய்ச்சிக்குச் செய்த செலவு சொத்தாக ஏறாது. அந்த ஆண்டின் செலவாகவே கழிந்துவிடும். உள்ளுக்குள்ளேயே வளர்த்த பிராண்டும் சொத்துக் கணக்கில் வராது. அதற்குத் தக்க காரணங்கள் உண்டு. ஆனால் அதன் விளைவை நீங்கள் ஒவ்வொரு காலாண்டிலும் பார்க்கிறீர்கள். ஒரு இயந்திரத்தை விற்றால் அது உங்கள் முன் தீர்மானமாக வரும். அந்த இயந்திரத்தை வடிவமைத்த ஏழு பேரும் ஒரே மாதத்தில் விலகினால், ஊழியர் விலகல் சதவீதம் என்ற ஒற்றை எண்ணுக்குள் மறைந்து போகிறார்கள்.

சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். 2008 டிசம்பர் 16 அன்று, நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு குடும்பத்தின் இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க அந்த போர்டு ஒப்புதல் தந்தது. கார்ப்பரேட் ஆளுகையைப் பாடமாகவே நடத்திய ஹார்வர்டு பேராசிரியர் ஒருவரும், இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் டீனும் அந்த போர்டில் இருந்தார்கள். கேள்விகள் எழுந்தன, ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்ததால் சில மணி நேரத்திலேயே திட்டம் கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7-இல் மோசடியை ஒப்புக்கொண்ட ராஜுவின் கடிதம் வந்தது. ஐந்தொகையில் ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் காட்டப்பட்டதில் 5,040 கோடி ரூபாய் கிடையவே கிடையாது.

பயிற்சி வகுப்புகள் இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுகின்றன. பிறகு நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். அரசு புதிய போர்டை அமர்த்தியது. கிரண் கார்னிக், தீபக் பாரேக் போன்றவர்கள் வந்தார்கள். ஏப்ரலில் டெக் மஹிந்திரா பங்கு ஒன்றுக்கு 58 ரூபாய் கொடுத்து 31 சதவீதத்தை வாங்கியது. கணக்கை நம்ப முடியாது, ரொக்கம் பொய். பின் எதற்காக விலை கொடுத்தார்கள்? அங்கே வேலை பார்த்த பொறியாளர்களுக்காகவும், அவர்களை நம்பி விலகாமல் நின்ற வாடிக்கையாளர்களுக்காகவும். ஏட்டில் இருந்த சொத்து இல்லாமல் போனபோது, ஏட்டில் ஏறாத சொத்துதான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. அதையும் முழுதாகக் காப்பாற்ற முடியவில்லை. வேலை இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் ‘விர்ச்சுவல் பூல்’ என்ற பெயரில் குறைந்த ஊதியத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கணக்கை எழுதியவர்களின் குற்றத்துக்கு, கணக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத மென்பொருள் பொறியாளர்கள் தண்டனை அனுபவித்தார்கள்.

மருந்து நிறுவனமான ரான்பாக்ஸியின் கதை இதைவிட வேதனையானது. ஏனென்றால் அங்கே அறிவுக்குப் பஞ்சமே இல்லை. உரிமையாளர் பர்விந்தர் சிங் காலத்தில் ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டிய கம்பெனி அது. நாளுக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிட்டால் போதும் என்ற வகையில் சிப்ரோஃப்ளாக்ஸசின் மாத்திரையை உருவாக்கி, அந்த மருந்தைக் கண்டுபிடித்த பேயர் நிறுவனத்துக்கே 1999-இல் உரிமம் கொடுத்தது. மருந்துகளை நகலெடுக்கும் நாடு என்று பெயர் வாங்கியிருந்த இந்தியாவுக்கு அது பெருமையான ஆண்டு. அதே ஆண்டில் பர்விந்தர் சிங் மறைந்தார்.

2004-இல் ஆராய்ச்சித் தலைவராக இருந்த ராஜிந்தர் குமார், தன் கீழ் பணியாற்றிய தினேஷ் தாக்கூரிடம், உலகெங்கும் மருந்துக்கு அனுமதி பெற ரான்பாக்ஸி கொடுத்த தரவுகள் உண்மையா என்று சரிபார்க்கச் சொன்னார். பல நாடுகளுக்குக் கொடுத்த தரவுகள் இட்டுக்கட்டியவை என்று தெரிய வந்தது. அந்தக் கண்டுபிடிப்பு போர்டின் அறிவியல் குழுவின் முன்பே வைக்கப்பட்டது என்று பத்திரிகையாளர் கேத்தரின் எபன் விரிவாக எழுதியிருக்கிறார். அதன்பின் குமார் விலகினார். தாக்கூர் 2005-இல் வெளியேறி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு எழுதினார்.

2008-இல் பர்விந்தரின் மகன்களான சிங் சகோதரர்கள் தங்கள் பங்குகளை ஜப்பானின் டாய்ச்சி சாங்க்யோவுக்கு விற்றார்கள். மொத்தத்தில் சுமார் 460 கோடி டாலர் மதிப்புள்ள கொள்முதல் அது. அதே ஆண்டு செப்டம்பரில் பவோன்டா சாஹிப், தேவாஸ் ஆலைகளின் மருந்துகளுக்கு அமெரிக்கா தடை போட்டது. 2013-இல் ரான்பாக்ஸி குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் செலுத்தியது. விவரங்களை மறைத்ததற்காக சிங் சகோதரர்கள் டாய்ச்சிக்கு இழப்பீடு தர வேண்டும் என்று சிங்கப்பூர் நடுவர் மன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2015-இல், ரான்பாக்ஸி சன் ஃபார்மாவுக்குள் கரைந்துவிட்டது.

இயக்குநர்களே, இதில் ஒரு தருணத்தை மட்டும் நிறுத்திப் பாருங்கள். அறிவியல் குழுவின் கூட்ட அறை. கம்பெனிக்குள்ளேயே, கம்பெனியின் சம்பளத்தில், கம்பெனியின் நன்மைக்காக இரண்டு பேர் உண்மையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதைவிட மதிப்புள்ள அறிவு மூலதனம் அந்த ஆண்டில் ரான்பாக்ஸியிடம் வேறு எதுவும் இல்லை. அதை ஏற்றுத் திருத்தியிருந்தால் செலவாகியிருக்கும், சில சந்தைகள் கைவிட்டுப் போயிருக்கும்; ஆனால் ஆய்வுக்கூடம் தப்பியிருக்கும். கொண்டுவந்தவர்கள் இருவரும் வெளியே போனார்கள். போலித் தரவுகள் உள்ளேயே இருந்தன.

குடும்ப உரிமைதான் நோய், பரவலான பங்குரிமைதான் மருந்து என்று உங்களில் சிலர் முடிவுக்கு வரலாம். அப்படியென்றால் போயிங்கைப் பாருங்கள். அங்கே குடும்பம் கிடையாது. பங்குகள் லட்சக்கணக்கானோரிடம் சிதறிக் கிடந்தன. 1997-இல் மெக்டொனல் டக்ளஸோடு இணைந்த பிறகு அங்கே பொறியாளர்களின் பேச்சு எடுபடாமல் போயிற்று. 2000-இல் பொறியாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் 40 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறு ஆண்டு தலைமையகமே சியாட்டிலை விட்டு சிகாகோவுக்குப் போனது. விமானம் கட்டும் இடத்துக்கும் முடிவெடுக்கும் இடத்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். அதே 2001-இல் ஹார்ட்-ஸ்மித் என்ற மூத்த பொறியாளர், வேலைகளை எல்லாம் வெளியே கொடுத்தால் லாபமும் வெளியே போய்விடும் என்று கம்பெனிக்குள்ளேயே கட்டுரை வாசித்தார். 2005-இல் விச்சிட்டாவில் இருந்த விமான உடற்பகுதி ஆலை விற்கப்பட்டு ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் என்ற தனிக் கம்பெனியானது. 2013 முதல் 2019 வரை தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்க போயிங் செலவிட்ட தொகை 4,300 கோடி டாலருக்கு மேல்.

2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள். பிறகு பங்குதாரர்கள் இயக்குநர்கள் மீதே வழக்குப் போட்டபோது, விமானப் பாதுகாப்பைக் கவனிக்க அந்த போர்டில் ஒரு குழுகூட இருந்ததில்லை என்பதை 2021-இல் டெலவேர் நீதிமன்றம் சுட்டிக்காட்டி, வழக்கைத் தொடர அனுமதித்தது. விமானம் கட்டும் கம்பெனியின் போர்டைப் பற்றிய பேச்சு இது! வழக்கு 23.75 கோடி டாலருக்குச் சமரசமானது. விமானத் துறையிலோ பொறியியலிலோ தயாரிப்புப் பாதுகாப்பிலோ அனுபவம் உள்ள ஒருவரை போர்டில் சேர்க்க வேண்டும் என்பதும் அந்தச் சமரசத்தில் ஒரு நிபந்தனை.

இன்னொரு விவரம் இருக்கிறது. அது இந்த மடலின் நடுநாயகம். 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றில், பயன்படாத கதவின் இடத்தை மூடியிருந்த அடைப்பு நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்களும் மாட்டப்படவே இல்லை. ஸ்பிரிட்டிலிருந்து வந்த உடற்பகுதியில் ரிவெட் குறை இருந்ததால், ரென்டன் ஆலையில் அந்த அடைப்பைத் திறந்திருக்கிறார்கள். திறந்ததற்கு ஆவணம் இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது தெரிய வந்தது இது: அங்கிருந்த கதவுக் குழுவில் அப்படிப்பட்ட அடைப்பை முன்பு திறந்து பழகியவர் ஒரே ஒருவர்தான். அவர் அப்போது விடுப்பில் இருந்தார்.

ஒரு ஆள் விடுப்பில் போனால் இல்லாமல் போய்விடும் அறிவு உங்கள் கம்பெனியில் எங்கெங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியை உங்களில் எத்தனை பேர் ஒரு கூட்டத்திலாவது கேட்டிருக்கிறீர்கள்? போயிங் இதற்குக் கொடுத்த விலை பெரிது. விற்ற விச்சிட்டா ஆலையைச் சுமக்கும் ஸ்பிரிட்டையே 470 கோடி டாலருக்கு மறுபடி வாங்க 2024-இல் ஒப்பந்தம் போட்டது.

உரிமையாளர் தொலைவில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சான்றும் உண்டு. 1957-இல் எட்டு இளம் விஞ்ஞானிகள் கலிஃபோர்னியாவில் ஃபேர்சைல்டு செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். பணம் போட்டது நியூயார்க் பக்கத்துத் தாய் நிறுவனம். இரண்டே ஆண்டுகளில் அது 30 லட்சம் டாலர் கொடுத்து எட்டுப் பேரின் பங்கையும் வாங்கிக்கொண்டது. அவர்கள் கண்டுபிடித்ததன் லாபம் கிழக்கே போயிற்று. பங்குரிமை பரவலாகத் தரப்படவில்லை. ஒவ்வொருவராக வெளியேறினார்கள். 1968-இல் அந்த எட்டுப் பேரில் நாய்ஸும் மூரும் போய் இன்டெலைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு ஃபேர்சைல்டில் வேலை பார்த்த சாண்டர்ஸ் போய் ஏஎம்டியைத் தொடங்கினார். அன்று அது நடக்கப் பத்தாண்டு பிடித்தது. 2023 நவம்பரில் ஓப்பன்ஏஐ போர்டு தலைமை நிர்வாகி சாம் ஆல்ட்மனை நீக்கியபோது, சுமார் 770 ஊழியர்களில் 700 பேருக்கு மேல் வெளியேறுவோம் என்று கையெழுத்துப் போட, ஐந்து நாளில் முடிவு தலைகீழானது. போர்டு செய்தது சரியா தவறா என்பது வேறு விவாதம். தன் கம்பெனியின் மதிப்பு யாரிடம் இருக்கிறது என்பதை அந்த போர்டு கணக்கில் எடுக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

சரியாகச் செய்த உரிமையாளர்களும் இருக்கிறார்கள். ஓசூர் வரை போனால் போதும். டிவிஎஸ்–சுசூகி கூட்டு 2001-இல் முடிந்தது. சுசூகியின் ஏறத்தாழ 26 சதவீதப் பங்கை டிவிஎஸ் தரப்பு வாங்கிக்கொண்டது. 30 மாதங்களுக்கு சுசூகி இந்திய இருசக்கர வாகனச் சந்தைக்குள் வராது என்று ஒப்பந்தம். ஜப்பானியத் தொழில்நுட்பம் இல்லாமல் இவர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்ற பேச்சு அப்போது பலமாக அடிபட்டது. ஆனால் அதே ஆண்டில் சொந்த வடிவமைப்பில் டிவிஎஸ் விக்டர் சந்தைக்கு வந்தது. மறு ஆண்டு அந்தக் கம்பெனிக்குத் தரத்துக்கான டெமிங் பரிசு கிடைத்தது. கூட்டு இருந்த காலத்திலேயே ஆய்வுக்கும் தரத்துக்கும் உரிமையாளர் குடும்பம் செலவிட்டிருந்ததால்தான், பிரிவு வந்தபோது கையில் ஏதோ இருந்தது. இதற்கு மாறாக, ஹீரோ ஹோண்டா கூட்டு 1984-இல் தொடங்கி 2010-இல் பிரிய முடிவெடுத்தது. ஹீரோவின் பெரிய ஆய்வு மையம் ஜெய்ப்பூரில் திறந்தது 2016-இல்.

ஜெர்மனியின் ஜெனாவில் எர்ன்ஸ்ட் ஆபே இன்னும் ஒரு படி மேலே போனார். இயற்பியல் பேராசிரியரான அவர் கார்ல் சைஸ் நிறுவனத்தின் பங்குதாரர். 1889-இல் ஒரு அறக்கட்டளையை நிறுவி, தன் பங்கை அதற்கே கொடுத்துவிட்டார். லாபத்தில் ஒரு பகுதி பல்கலைக்கழக ஆய்வுக்கு. 1900-இல் எட்டு மணி நேர வேலை. போர் முடிந்த 1945-இல் அமெரிக்க ராணுவம் ஜெனாவைவிட்டு விலகும்போது, எழுபதுக்கும் மேற்பட்ட சைஸ் விஞ்ஞானிகளையும் நிர்வாகிகளையும் மேற்கே ஏற்றிக்கொண்டு போனது. பின்னால் வந்த சோவியத் படை இயந்திரங்களைக் கழற்றிச் சென்றது. மேற்கே போனவர்கள் ஓபர்கோஹனில் புதிதாகத் தொடங்கிய கம்பெனிதான் இன்று, மிக நுண்ணிய சிப்கள் செய்யும் ஏஎஸ்எம்எல் இயந்திரங்களுக்கான கண்ணாடிகளை உலகிலேயே தனியாகச் செய்கிறது. உரிமை இன்னும் அந்த அறக்கட்டளையிடம்தான்.

பட்டியலே ஆகாத ஜோஹோ, கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளுக்குத் தன் சொந்தப் பள்ளியில் நிரல் எழுதக் கற்றுக்கொடுத்து வேலையும் கொடுக்கிறது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் பொருட்களை உருவாக்குகிறது. காலாண்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பங்குதாரர் இல்லாததால் அதற்கு இது எளிது என்பீர்கள். உண்மைதான். பட்டியலிடப்பட்ட கம்பெனியில் அந்தப் பொறுமையை யார் காப்பது? சட்டப்படி அது உங்கள் வேலை.

அளந்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். ஸ்வீடனின் ஸ்காண்டியா காப்பீட்டு நிறுவனம் 1990-களிலேயே அறிவு மூலதனத்துக்குத் தனி இயக்குநரை நியமித்து, ஆண்டறிக்கையோடு தனி இணைப்பும் வெளியிட்டு உலகுக்கே முன்மாதிரியானது. 2003-இல் நிர்வாகிகளின் போனஸ், வீடுகள் தொடர்பான முறைகேடுகளில் அதன் பெயர் சிதைந்தது. 2006-இல் ஓல்ட் மியூச்சுவல் அதை வாங்கியது. அட்டவணை அழகாக இருந்தது. மேலே உட்கார்ந்தவர்களைக் கேள்வி கேட்கத்தான் ஆள் இல்லை.

‘புரொமோட்டர் ஓட்டுப் போட்டுத்தானே எங்களை நியமிக்கிறார், எங்களால் என்ன முடியும்?’ என்று உங்களில் பலர் தனிப்பேச்சில் சொல்வதுண்டு. 2022 முதல் உங்கள் நியமனத்துக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும் என்று செபி ஆக்கிய பிறகும் புரொமோட்டரின் கை ஓங்கியே இருக்கிறது. அதை இந்த மடல் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கையில் ஏற்கெனவே இருப்பதை நீங்கள் எடுத்துப் பயன்படுத்தவில்லை என்பதுதான் இங்கே குற்றச்சாட்டு. பிராண்டுக்காகவோ தொழில்நுட்பத்துக்காகவோ தாய் நிறுவனத்துக்கு ராயல்டி கொடுக்கும் கம்பெனிகள் பல. அது விற்றுமுதலில் 5 சதவீதத்தைத் தாண்டினால்தான் பங்குதாரர் ஒப்புதல் வேண்டும். அதற்குக் கீழே, பெரும்பாலும் தணிக்கைக் குழுவில் இருக்கும் உங்கள் கையில்தான் முடிவு. ‘இத்தனை ஆண்டு ராயல்டி கொடுத்தோமே, எந்தக் காப்புரிமை நம் பெயரில் இருக்கிறது?’ என்று அந்தக் குழுவில் கேட்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவது 0.64 சதவீதம்தான் என்று அரசைக் குறை சொல்லும் நாம், அதில் தனியார் துறையின் பங்கு பாதிகூட இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். அந்தத் தனியார் துறையின் போர்டுகளில் இருப்பவர்கள் நீங்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். சட்டத்தின் நான்காம் அட்டவணைப்படி, புரொமோட்டரும் நிர்வாகமும் இல்லாமல் நீங்கள் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கூடியாக வேண்டும். நிர்வாகத்திடமிருந்து உங்களுக்கு வரும் தகவலின் தரத்தையும் அளவையும் எடைபோடுவது அந்தக் கூட்டத்தின் கடமைகளில் ஒன்று. பல கம்பெனிகளில் அது ஒரு தேநீர் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இந்த ஆண்டு அதில் ஒரு மணி நேரத்தை அறிவு மூலதனத்துக்கு ஒதுக்குங்கள். கடந்த ஓராண்டில் விலகிய தொழில்நுட்ப ஆட்களின் பட்டியலைச் சதவீதமாக இல்லாமல் பதவியோடும் அனுபவ ஆண்டுகளோடும் கேட்டு வாங்குங்கள். கூட்டம் முடிந்ததும் அதே நாளில் ஆலையிலோ ஆய்வுக்கூடத்திலோ நான்கு பேரை, அவர்களுடைய மேலாளர் பக்கத்தில் இல்லாமல், நேரில் கேளுங்கள். யார் விடுப்பில் போனால் வேலை நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இயக்குநர் குழு அறிக்கையில் தொழில்நுட்ப உள்வாங்கல் பற்றி விவரம் தர வேண்டும் என்பது சட்டம்; அது பெரும்பாலும் ஒரு பின்னிணைப்பாக வரும். உங்கள் கம்பெனியின் கடந்த ஐந்தாண்டுப் பின்னிணைப்புகளை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். ஆண்டு மட்டும் மாறி வாசகம் மாறாமல் இருந்தால் ஒப்புதல் தர மறுங்கள். பங்குகளைத் திரும்ப வாங்கும் தீர்மானம் வந்தால், கடந்த மூன்றாண்டில் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் போன தொகையைப் பக்கத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். முறைகேட்டைச் சொல்ல வரும் ஊழியர் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்தத் தலைவர் நீங்கள் என்றால், உங்கள் பெயரும் மின்னஞ்சலும் ஆலை அறிவிப்புப் பலகையில், தமிழிலோ அந்த ஊர் மொழியிலோ இருக்கச் செய்யுங்கள்.

இதெல்லாம் முடியாமல் விலகத்தான் வேண்டும் என்றால், ‘தனிப்பட்ட காரணங்கள்’ என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். விலகலுக்கான விரிவான காரணம் பங்குச்சந்தைக்கு ஏழு நாளில் போய்ச் சேர வேண்டும் என்பது செபியின் விதி. அதில் உண்மையை எழுதுங்கள். விலகத் தேவையில்லை என்றால், வரும் தனிக்கூட்டத்திலேயே இந்தக் கேள்விகளைத் தொடங்குங்கள். கேட்டது யார், பதில் சொன்னது யார், பதில் வராமல் போனது எது என்பவை கூட்டக் குறிப்பில் பெயரோடு ஏறும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.